ஒரு கொலை மிரட்டலின் மொழிபெயர்ப்பு

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'ழ' சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜெர்மனி, ஜப்பான், பிரேசில் என்று ஆளுக்கொரு தேசத்து நாக்கு எல்லாம் அண்ணத்தைத் தேடித் தடவிக்கொண்டிருந்த நேரத்தில் ஹெச்.ஆர். மேனேஜர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். அவர் வாசலில் வந்து நிற்கிற மனிதரே இல்லை. பக்கத்து அறைக்குக்கூட மெயில்தான் அனுப்புவார்.

"மேடம், கொஞ்சம் அவசரம். மொழிபெயர்க்க ஆள் வேண்டும்," என்றார் ஆங்கிலத்தில்.

"யாருக்கு?"

"கே.ஜி. வகுப்பு ஆயாவுக்கு. ஒரு குழந்தையைக் கொன்றுவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறாராம்."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவர் முகத்தைப் பார்த்த பிறகு அடக்கிக்கொண்டேன். உதவி ஆசிரியையிடம் வகுப்பை ஒப்படைத்துவிட்டு அவர் பின்னால் நடந்தேன்.

படி இறங்கும்போது விஷயத்தைச் சொன்னார். கே.ஜி.யில் படிக்கிற கொரியக் குழந்தை, நாலு வயதுப் பெண், வீட்டில் பொம்மையை உட்காரவைத்து விரலை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லியிருக்கிறாள். அவள் அம்மாவுக்குப் புரியவில்லை. திரும்பச் சொல்லச் சொல்லி, கைபேசியில் இருக்கிற மொழிபெயர்ப்பு ஆப்பைக் கேட்க வைத்திருக்கிறார். அது கொஞ்சமும் யோசிக்காமல் 'நான் உன்னைக் கொல்வேன்' என்று சொல்லிவிட்டது. குழந்தை சொன்ன வார்த்தை 'கொன்னுடுவேன்'. யாரிடம் கற்றுக்கொண்டாய் என்றால் ஆயாவைச் சொல்லியிருக்கிறாள். விடிந்ததும் முதல் வேலையாக அந்த அம்மா பள்ளிக்கு மெயில் போட்டுவிட்டார்.

"சார், இது வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"அவர் சொல்வதை அப்படியே மொழிபெயர்த்தால் போதும் மேடம். விளக்கமெல்லாம் வேண்டாம்."

ஹெச்.ஆர். மேனேஜர் மதுரைக்காரர். என்னைவிட வளமான தமிழ் அவருக்கு உண்டு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் தன் தம்பியோடு போனில் பேசும்போது 'கொன்னேபுடுவேன்டா' என்று அவர் கொஞ்சுவதை நானே கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவருக்கு மொழிபெயர்க்க ஆள் எதற்கு என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். பிரின்சிபால் அறைக் கதவை நெருங்குவதற்குள் புரிந்துவிட்டது. நாளைக்கு எது தப்பாகப் போனாலும் அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொன்னவர் அவராக இருக்கக்கூடாது. நானாக இருக்க வேண்டும்.

எங்கள் பள்ளி அடையாறில், பெசன்ட் நகர் போகிற வழியில் ஒரு மரமடர்ந்த தெருவில் இருக்கிறது. கார் தொழிற்சாலை, கப்பல் கம்பெனி, தூதரகம் என்று வேலைக்கு வந்து இரண்டு மூன்று வருஷம் இருந்துவிட்டுப் போகிற வெளிநாட்டுக் குடும்பங்களின் பிள்ளைகள்தான் அங்கே படிக்கிறார்கள். இருக்கிற ஊரின் மொழியும் கொஞ்சம் தெரியட்டும் என்று வாரத்தில் இரண்டு பீரியட் தமிழுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். ஊரை விட்டுப் போகும்போது 'வணக்கம்', 'நன்றி', 'எவ்வளவு' மூன்றும் வாயில் நுழைந்தால் நான் நல்ல டீச்சர். பொங்கலுக்குக் கோலம் போட வைப்பதும், வெள்ளைக்கார அம்மாக்களுக்குப் புடவை கட்டிவிடுவதும் என் வேலையிலேயே சேர்த்தி. ஊக்கே குத்தாமல் நாள் முழுக்க நிற்குமா என்று அவர்கள் கேட்கும்போது வருகிற எரிச்சலைச் சிரிப்பாக மாற்றிக்கொள்ளப் பழகியிருந்தேன். மற்ற எரிச்சல்களை அப்படி மாற்றத் தெரியாது. அது என் பிறவிக் குணம், வீட்டிலும் இதே புகார்தான்.

ஆயாம்மா ஏஜென்சி மூலமாக வந்தவர். ஐம்பதைத் தாண்டியவர். முன்பு அடையாறு ஆற்றங்கரையில் குடியிருந்தார். அரசாங்கம் வீட்டை இடித்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக் குடியிருப்பில் கொண்டுபோய் விட்டபிறகு, விடிவதற்கு முன்னால் பஸ் ஏறி வேலைக்கு வந்துகொண்டிருந்தார். வாய் கொஞ்சம் நீளம். வேன் டிரைவர்கள், தோட்டக்காரர், வாட்ச்மேன் எல்லோரும் அவரைக் கண்டால் ஒதுங்கிப் போவார்கள். என்னை 'டீச்சரம்மா' என்பார், அதே மூச்சில் 'நீ' என்பார். ஏஜென்சி ஆள் என்றால் எங்கள் பள்ளியில் விசாரணைகூடத் தேவையில்லை, ஒரு போன் போட்டால் மறுநாள் வேறு ஆள் வந்துவிடுவார். ஆனால் குழந்தையை மிரட்டியவர் என்ற பெயரோடு திருப்பி அனுப்பினால், ஏஜென்சி அவரை வேறு எந்தப் பள்ளி வாசலுக்கும் அனுப்பாது. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

அந்தக் குழந்தையையும் எனக்குத் தெரியும். பள்ளிக்கு வந்த புதிதில் அவளுக்குத் தன் மொழி தவிர வேறு எதுவும் தெரியாது. வகுப்பறை மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். டீச்சர் குனிந்து ஆங்கிலத்தில் கெஞ்சுவார், படம் காட்டுவார், பாட்டுப் போடுவார். ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் ஆயாம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேஜைக்கு அடியில் தானும் போய் உட்கார்ந்துகொண்டார். அங்கே உட்கார்ந்து தன் பாட்டுக்குப் பேச ஆரம்பித்தார். பஸ்ஸில் நடந்த சண்டை, ரேஷன் கடைக்காரன், தன் மருமகள் வைத்த குழம்பு, எல்லாம். குழந்தைக்கு ஒரு எழுத்துப் புரிந்திருக்காது. ஆனால் பேசுகிற வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பள்ளியில் பேசிய முதல் வார்த்தை ஆங்கிலம் இல்லை, 'வேணா'. அதற்கு நான் பெருமைப்பட்டுக்கொண்டேன். இத்தனைக்கும் நான் ஒன்றும் செய்யவில்லை.

பிரின்சிபால் அறையில் ஆயாம்மா நின்றுகொண்டிருந்தார். எத்தனை முறை சொன்னாலும் நாற்காலியில் உட்கார மறுத்தார். பிரின்சிபால் வெளிநாட்டுக்காரர், உயரமான, மெதுவாகப் பேசுகிற பெண்மணி. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஏஜென்சிக்கு போன் போட்டு முடித்துவிடாமல், சம்பந்தப்பட்டவரையும் கேட்க வேண்டும் என்று சொன்னவர் அவர்தான். ஹெச்.ஆர். மேனேஜர் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார்.

"குழந்தையிடம் 'உன்னைக் கொன்றுவிடுவேன்' என்று சொன்னாரா என்று கேளுங்கள்," என்றார் பிரின்சிபால்.

நான் ஆயாம்மா பக்கம் திரும்பினேன். "ஆயாம்மா, அந்தக் கொரியப் பாப்பாகிட்ட கொன்னுடுவேன்னு சொன்னீங்களான்னு கேக்கறாங்க."

"சொன்னேன். ஒரு தபாவா? தெனம் சொல்லிக்கினுதான் கீறேன். அதுக்கு இன்னா இப்போ?"

இல்லை என்று சொல்லுவார், அல்லது மழுப்புவார் என்று மனசுக்குள் எதிர்பார்த்திருக்கிறேன் போல. எனக்கு வாய் வரவில்லை. பிரின்சிபால் என்னையே பார்த்தார்.

"ஆமாம் என்கிறார்," என்றேன்.

"அதைவிட அதிகமாகச் சொன்ன மாதிரி இருந்ததே," என்றார் ஹெச்.ஆர். மேனேஜர், ஆங்கிலத்தில், தமிழே தெரியாதவர் மாதிரி.

அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. வேறு வழியில்லாமல், "தினமும் சொல்வேன் என்கிறார்," என்றேன். பிரின்சிபாலின் பேனா நின்றுவிட்டது.

"எந்த மாதிரிச் சமயத்தில்?"

நான் கேட்டு முடிப்பதற்குள் ஆயாம்மா ஆரம்பித்துவிட்டார். "மாடிப்படிக் கம்பில ஏறிக் குந்திக்கினு கீழ எட்டிப் பாக்குது. கீழ இன்னா மெத்த விரிச்சி வச்சிக்கீறீங்களா? சோத்த வாய்ல வச்சா துப்புது. செருப்பக் கழட்டிப் போட்டு வெயில்ல ஓடுது. கொன்னுடுவேன்னு சொன்னா கெக்கேன்னு சிரிச்சிக்கினு வந்து மடில குந்திக்கும். பயந்த கொயந்த வந்து மடில குந்துமா? இத்தயும் சொல்லு டீச்சரம்மா."

எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னதோடு நிற்கவில்லை. எங்கள் மொழியில் இது மிரட்டல் இல்லை, ஆசையாக அதட்டுவது, அம்மாக்கள் எல்லோரும் சொல்வார்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

"மேடம், விளக்கம் வேண்டாம் என்றேன்," என்றார் ஹெச்.ஆர். மேனேஜர்.

நான் அவர் பக்கம் திரும்பி, தமிழிலேயே கேட்டேன். "சார், உங்க வீட்ல உங்கள யாரும் கொன்னுடுவேன்னு சொன்னதே இல்லையா?"

 என்ன கேட்டீர்கள் என்றார் பிரின்சிபால். என் கேள்வியை நானே மொழிபெயர்த்தேன். அவர் ஹெச்.ஆர். மேனேஜரைப் பார்த்து, "அப்படியா? வழக்கமாகச் சொல்வதுதானா?" என்று கேட்டார்.

அவர் டையைச் சரிசெய்துகொண்டார். "ஒரு குறிப்பிட்ட பின்னணியில் இருப்பவர்கள் சொல்வதுண்டு," என்றார்.

குறிப்பிட்ட பின்னணி. என் அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து தி. நகரில் பாத்திரக் கடை வைத்தவர். என் அம்மா தினசரி பூஜை முடித்துத் திருநீறு பூசிய கையோடு எங்கள் மூன்று பேரையும் கொன்றுபோடுவதாகச் சொல்லித்தான் பள்ளிக்கு அனுப்பினார். அதையும் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது என்பது பிரின்சிபால் கையை மெதுவாகத் தூக்கிய பிறகுதான் தெரிந்தது.

கடைசியில் அவர் சொன்னார், "நாளை காலை குழந்தையின் அம்மா வருகிறார். அவர் முன்னால் முடிவெடுக்கலாம். அதுவரை இவர் வகுப்புக்குள் போக வேண்டாம்."

அன்று முழுக்க ஆயாம்மாவை ஸ்டோர் ரூமில் உட்காரவைத்தார்கள். சாயங்காலம் போய்ப் பார்த்தேன். பழைய நாற்காலிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். யாரும் செய்யச் சொல்லவில்லை. ஆறுதல் சொல்லலாம் என்று போன என்னையே பிடித்துக்கொண்டார்.

"நீ ஏன் தயங்கின?"

"எப்போ?"

"நான் ஆமான்னு சொன்னப்போ. நான் இன்னா பொய்யா சொன்னேன், அத்த சொல்றதுக்கு உனுக்கு இன்னா கூச்சம்?"

"உங்க வேலை போயிடக் கூடாதுன்னுதான் ஆயாம்மா."

"போனா போவட்டும். திருடிட்டேன்னு போனா வெக்கம். இதுக்கு இன்னா?" என்று சொல்லிவிட்டு, துணியை உதறியபடியே கேட்டார். "மத்தியானம் துன்னுச்சா அது?"

சாப்பிடவில்லை என்று கே.ஜி. டீச்சர் சொல்லியிருந்தார். கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். நான் அதைச் சொல்லாமல், கொஞ்சம் சாப்பிட்டாள் என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். "இதுக்கெல்லாமா விசாரணை? அப்படின்னா என்னைய எப்பவோ தூக்குல போட்டிருக்கணும்லா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிக்க முடியவில்லை. மறுநாள் பஸ்ஸில் போகும்போது பேச வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கோட்டூர்புரம் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. கீழே ஆற்றங்கரையில் வீடுகள் இருந்த இடத்தில் கருவேலம் மண்டியிருந்தது. அந்தக் கொரிய அம்மா கோபமாகப் பேசுவார், அழுவார், வக்கீலைக் கூட்டி வருவார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் தயாரித்து வைத்திருந்தேன். ஒன்றே ஒன்றை மட்டும் நான் நினைத்துப் பார்க்கவில்லை.

முப்பது வயதுக்கு மேல் இருக்காது அவருக்கு. சாந்தோம் பக்கம் கடல் தெரிகிற ஒரு பெரிய அடுக்குமாடியில் குடியிருந்தார்கள். கணவர் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி ஒரு தொழிற்சாலையில் வேலை. குழந்தை எழுவதற்கு முன்னால் போய், தூங்கிய பிறகு வருகிறவர். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரியாதது, அந்த அம்மா இத்தனை அமைதியாக வந்து உட்காருவார் என்பது. எதிரே ஆயாம்மா, இந்த முறை நாற்காலியின் நுனியில். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

பிரின்சிபால் கண்ணைக் காட்டியதும் நான் ஆரம்பித்தேன். எளிய ஆங்கிலத்தில், அவருக்குப் புரிகிற மாதிரி. எங்கள் ஊரில் கோபம் வேறு, அதட்டல் வேறு. அன்பானவர்களிடம்தான் இப்படிப் பேசுவோம். அந்நியக் குழந்தையை யாரும் கொன்றுவிடுவேன் என்று சொல்ல மாட்டார்கள். உதாரணமெல்லாம் சொன்னேன். ஹெச்.ஆர். மேனேஜர் தடுக்கவில்லை. நன்றாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தோன்றியது.

"எனக்குத் தெரியும்," என்றார் அந்த அம்மா.

நான் நிறுத்தினேன்.

"எங்கள் ஊரிலும் உண்டு. 'சாகணுமா உனக்கு' என்று கேட்போம். என் அம்மா என்னிடம் கேட்பார். நான் என் தோழிகளிடம் கேட்பேன். சிரித்துக்கொண்டேதான் கேட்போம். ஆப் சொன்னதுமே எனக்குப் புரிந்துவிட்டது."

ஒத்திகை பார்த்ததெல்லாம் வீணாகிவிட்டது. மலங்க மலங்க விழித்தேன். பிரின்சிபால்தான் கேட்டார். "பிறகு எதற்காக அந்தப் புகார்?"

அந்த அம்மா கைபேசியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். அதன் உறையின் விளிம்பை நகத்தால் பெயர்த்துக்கொண்டிருந்தார்.   இந்த ஆயாம்மா இன்னும் என்ன செய்துவைத்திருக்கிறாரோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

"அந்த வார்த்தையைச் சொன்னால் பள்ளிக்குப் புரியும். புகார் என்று எடுத்துக்கொள்வீர்கள். இன்னொரு வார்த்தை இருக்கிறது. அதைப் புகார் என்று எப்படி எழுதுவது?" என்றார் அந்த அம்மா. பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை அன்று மகளைக் கொஞ்சம் சீக்கிரமே கூட்டிப்போக வந்திருக்கிறார். விளையாட்டு நேரம். குழந்தைகள் எல்லாம் மணலில். வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது மகள் தடுக்கி விழுந்திருக்கிறாள். எழுந்து, அழுதுகொண்டே, "ஒம்மா" என்று கூப்பிட்டபடி ஓடி வந்திருக்கிறாள்.

"எங்கள் மொழியில் அது நான்," என்றார். "என்னைப் பார்த்துவிட்டாள் என்று நினைத்தேன். முட்டி போட்டுக் கையை விரித்தேன். அவள் என்னைத் தாண்டி ஓடினாள். பின்னால் இவர் நின்றிருந்தார்."

கைபேசியை நிமிர்த்தி, மறுபடி கவிழ்த்தார்.

"இவரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார். என் காதால் கேட்டேன். 'ஒம்மா, ஒம்மா' என்று முதுகைத் தட்டினார். யார் யாருக்கு அம்மா? எனக்குப் புரியவில்லை. அந்த ஆப்பிலும் கேட்டுப் பார்த்தேன். 'அம்மா' என்றுதான் சொன்னது."

நான் ஆயாம்மாவைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் நடந்த பேச்சு. மொழிபெயர்க்க நான் வாயே திறக்கவில்லை. ஆனால் அவர் முகம் மாறியிருந்தது. அந்த ஒரு சொல்லுக்கு நான் தேவைப்படவில்லை.

"அம்மான்னா சொல்லுது அவங்க பாஷைலயும்?" என்று கேட்டார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். பிறகு மற்றதைச் சொன்னேன். கையை விரித்ததையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அப்படியே மொழிபெயர்க்க வேண்டும் என்பதுதானே எனக்கு உத்தரவு.

என் மூளை வேகமாக ஓடியது. அந்த அம்மாவிடம் திரும்பி, "இங்கே எல்லோரும் இவரை 'ஆயாம்மா' என்று கூப்பிடுவோம். குழந்தை அதைச் சுருக்கிச் சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான்," என்றேன். நல்ல பதில். கேட்கவும் நியாயமாக இருந்தது. அந்த அம்மாவின் தோள்கூடக் கொஞ்சம் தளர்ந்தது.

"இன்னா சொன்ன இப்போ?" என்றார் ஆயாம்மா.

சொன்னேன்.

"பொய் சொல்லாத டீச்சரம்மா." அவர் குரல் முந்தின நாள் மாதிரி இல்லை. "ஆயாம்மான்னு அது ஒரு நாளும் கூப்ட்டதில்ல. நான்தான் வாம்மா, துன்னும்மா, அழாதம்மான்னுக்கினே இருந்தேன். நம்ம வாய்ல பொட்டப் புள்ளயப் பாத்தா அதானே வருது. அது அத்த புடிச்சிக்கிச்சி. என்னியே திருப்பிக் கூப்ட்டுச்சி. எனுக்கும் நல்லாத்தான் இருந்துச்சி. சும்மா வுட்டேன்."

இதை எப்படி மொழிபெயர்ப்பது? பெற்ற மகளையே அம்மா என்று கூப்பிடுகிற ஊர் இது. பஸ்ஸில் இடிக்கிறவளும் அம்மா, பூ விற்கிறவளும் அம்மா, தொட்டிலில் கிடக்கிறவளும் அம்மா. முட்டி மடித்துக் கையை விரித்தவளிடம் அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கடைசியில் ஆயாம்மா சொன்னதை மட்டும் ஒன்று விடாமல் சொன்னேன். 'எனக்கும் நன்றாகத்தான் இருந்தது' என்பதையும் சேர்த்து. அதைச் சொன்னபோது அந்த அம்மா முதல்முறையாக ஆயாம்மாவை நேராகப் பார்த்தார்.

ஆயாம்மா எழுந்து நின்றார்.

"கொன்னுடுவேன்னு சொன்னதுக்கு என்ன வெளில அனுப்பியிருந்தா நான் வுட்டிருக்க மாட்டேன். கேட்டாண்ட நின்னு சண்ட போட்டிருப்பேன். இதுக்கு இன்னான்னு சண்ட போடறது? பெத்தவ கைய விரிச்சிக்கினு குந்தியிருக்கா, அது என்னாண்ட ஓடியாருது." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "என்ன வேற பக்கம் மாத்திடச் சொல்லு. சாப்பாட்டு ஹாலு, பெரிய கிளாஸ் பாத்ரூம், எங்கனா. பெரிய பசங்க எவனும் என்ன அம்மான்னு கூப்புட மாட்டான்."

மொழிபெயர்த்தேன். பாதியில் குரல் உடைந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது, மறைக்கவும் இல்லை.

"வேண்டாம். நான் அப்படிக் கேட்கவில்லை," என்றார் அந்த அம்மா. "அவள் அழுவாள்."

"அழட்டும்," என்றார் ஆயாம்மா. "ரெண்டு நாளு அழும். அப்பால இவங்களாண்ட போவும். போய்த்தானே ஆவணும்."

ஹெச்.ஆர். மேனேஜர் எழுந்தார். அந்த இரண்டு நாளில் முதல்முறையாகத் தமிழில் பேசினார். "சரி, நாளைலேருந்து டைனிங் ஹாலுக்குப் போயிடுங்கம்மா," என்றார்.

கடைசியில் வந்த 'ம்மா' காதில் விழுந்ததும் கொரிய அம்மா சட்டென்று தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். பிறகு ஆயாம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவோம் என்றேன். "எல்லோரையுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. நம்பியிருந்தாலும் அதனால் அவருக்கு என்ன ஆறுதல் கிடைத்திருக்கும் என்றும் எனக்குத் தெரியவில்லை.

ஆயாம்மாவுக்கு வேலை தப்பியது. அதற்காகத்தான் நான் சண்டை போட்டேன், ஜெயித்தேன் என்றுகூடச் சொல்லலாம். யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். குழந்தை அழுதாள். ஆயாம்மா சொன்னதைவிட அதிகமாகவே அழுதாள். மேஜைக்கு அடியில் திரும்பப் போய் உட்கார்ந்தாள். அவள் அம்மா தினமும் காலையில் ஒரு மணிநேரம் வகுப்பில் வந்து அவளோடு தரையில் உட்கார்ந்துகொள்ள அனுமதி கேட்டார். பிரின்சிபால் கொடுத்தார். அவரும் மேஜைக்கு அடியில் போனார் என்று கே.ஜி. டீச்சர் சொன்னார்.

அதற்கப்புறம் ஒரு நாள், பள்ளி விடுகிற நேரம். கேட்டுக்கு உள்ளே வேன் வரிசை, வெளியே கார் வரிசை. நான் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஆயாம்மா எச்சில் தட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைக் கடந்து குழாயடிக்குப் போனார். கே.ஜி. பிள்ளைகள் வரிசையில் நின்றிருந்த அந்தக் குழந்தை அவரைப் பார்த்துவிட்டாள்.

"அம்மா," என்று கூப்பிட்டாள்.

நான் திரும்பினேன். கேட்டோரம் நின்றிருந்த வாட்ச்மேனின் மனைவி திரும்பினாள். வேனில் ஏறிக்கொண்டிருந்த கணக்கு டீச்சர் திரும்பினார். இந்த ஊரில் அந்தச் சொல்லுக்குத் திரும்பாத பெண்ணே கிடையாது. ஆயாம்மா திரும்பவில்லை. நடையும் நிற்கவில்லை. குழந்தை இன்னொரு தடவை, இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். கேட்டுக்குள் அப்போதுதான் நுழைந்த அவள் அம்மா பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டார். காதில் ஏதோ சொன்னார். குழந்தை அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கண் மட்டும் தோளுக்கு மேலாகக் குழாயடிப் பக்கமே இருந்தது.

வேன் கிளம்பியதும் நான் குழாயடிக்குப் போனேன். ஆயாம்மா தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். குழாயை இன்னும் திறக்கவில்லை.

"ரெண்டு தபா கூப்ட்டுச்சி இல்ல?" என்றார், என்னைப் பார்க்காமல்.

"ஆமா."

"யாரு தூக்குனா?"

"அவங்கம்மா."

"அப்போ சரி," என்று குழாயைத் திறந்தார்.